ஸ்லைடில் ஒரு விருந்தாளி

ஆஸ்பத்திரி லேபின் சாம்பிள் ஜன்னலில் இருந்த கத்தியண்ணன் ஒரு பாட்டிலை வாங்கியதும் ஒட்டியிருந்த சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

"யோவ், மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம். ஒன்னுக்கு பாட்டில வாங்கி வைக்க இவ்வளவு ராஜாங்கமா?" என்று வரிசையில் ஒரு குரல்.

"அஞ்சு நிமிஷம். ஆறிடாது, கவலப்படாத."

பாட்டிலில் இருந்தது ஒருவர் வயிற்றிலிருந்து ஊசி போட்டு எடுத்த தண்ணீர். வெளுத்த தேநீர் நிறம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீளமான தாழ்வாரத்தில் நடந்தார். ஒன்பது நாளாக விடாத மழை. கூரை ஒழுகும் இடங்களில் வாளி வைத்திருந்தார்கள். ரத்தப் பிரிவைத் தாண்டி, கிருமி வளர்க்கும் அறையைத் தாண்டி, கடைசியில் சீஃப் டாக்டரின் அறை.

சீஃப் போனில் இருந்தாள். ஐம்பத்தி மூன்று வயது. இந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடம் முழுவதும், நாற்பத்தி மூன்று ஆட்களும் பதினொரு வருடமாக அவள் பொறுப்பில்.

"எல்லாருக்கும் பொட்டாசியம் ஏறியிருக்குன்னா மெஷின் மேல தப்பில்ல சர்ஜன் சார். ரத்தத்த ஊசியிலேர்ந்து பீச்சி அடிச்சா அது உடைஞ்சு பொட்டாசியம் கசியத்தான் செய்யும். மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இந்தத் தடவ கொஞ்சம் அன்பா எடுக்கச் சொல்லுங்க."

போனை வைத்தவள் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இத நீங்க பார்க்கக் கூடாது மேடம்" என்றார் கத்தியண்ணன். "சொந்தக்காரங்க சாம்பிள சொந்தக்காரங்க பார்க்கக் கூடாதுன்னு நீங்கதான் செவுத்துல எழுதி ஒட்டினீங்க."

"ரெண்டாவது டாக்டர் லீவுல இருக்காங்க. திங்கட்கிழமதான் வருவாங்க."

"திங்கட்கிழம பார்த்துக்கலாமே."

"அது வரைக்கும் என் நாத்தனார் வயிறு பொறுக்காது. வையுங்க."

அவர் வைத்தார். வைத்துவிட்டும் போகவில்லை.

"நம்ம சின்னுதானே மேடம்? போன வருஷம் என் சட்டைக்குக் காலர் திருப்பித் தைச்சுக் கொடுத்தாங்க."

"ஆமா. நம்ம சின்னுதான்."

சின்னு அவள் கணவரின் தங்கை. நாற்பத்தி ஆறு வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டு மாடியறையில் தையல் மெஷினோடு குடியிருப்பவள். புதுத்துணி தைப்பதில்லை. பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது, இதுதான் அவள் தொழில்.

தண்ணீரைக் குழாயில் ஊற்றிச் சுழலவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் கண்ணாடியில் பூசி, சாயம் ஏற்றி எடுத்துவர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் சீஃப் மூன்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாள். ரத்த வங்கிக்கும் பிரசவ வார்டுக்கும் நடந்த சண்டையை விலக்கினாள். ஸ்லைடு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் மோதிரங்கள்.

செல்லுக்குள் சளி நிறைந்து, நடுவில் இருக்க வேண்டிய கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கல் வைத்த மோதிரம் போலத் தெரியும். இரைப்பையில் வருகிற புற்றில் ஒரு வகை அது. வயிற்றுத் தண்ணீரில் அது மிதக்கிறது என்றால் இரைப்பையை விட்டு வெளியே வந்து எங்கும் பரவிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு கத்தி வைத்து ஒன்றும் ஆகாது.

சீஃப் தலையை நிமிர்த்தினாள். அவளைப் பயமுறுத்தியது இந்த ஸ்லைடு மட்டும் இல்லை. இதே மோதிரத்தை, இதே சின்னுவின் பேர் எழுதிய இன்னொரு ஸ்லைடில், எட்டு மாதத்துக்கு முன் அவள் பார்த்திருந்தாள்.

அப்போது சின்னுவுக்கு வெறும் நெஞ்செரிச்சல். ஆஸ்பத்திரியில் எல்லாரும் 'குழாய் டாக்டர்' என்று கூப்பிடும் வயிற்று டாக்டர், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கடுகு கடுகாக ஐந்து துண்டு கிள்ளி அனுப்பினார். அந்தத் துண்டுகளை மெழுகில் புதைத்துக் கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டியை லேபில் பிளாக் என்பார்கள். பிளாக்கை மெஷினில் பொருத்தி, கூந்தல் இழையைவிட மெல்லியதாகச் சீவினால் மெழுகு நாடாவாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் கண்ணாடியில் ஏந்தி எடுப்பார்கள். இருபத்தி ஆறு வருடம் அந்த மெஷினில் உட்கார்ந்து வெட்டியவர்தான் கத்தியண்ணன். பேரே அதனால் வந்தது.

அந்தத் தொட்டியில் ஓர் ஆபத்து உண்டு. முந்தின நோயாளியின் துண்டு ஒன்று தண்ணீரிலேயே தங்கிவிட்டால், அடுத்தவர் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். லேபில் அதற்குப் பேர் விருந்தாளி. கூப்பிடாமல் வந்து உட்கார்ந்துகொள்வதால்.

அன்றைக்குச் சின்னுவின் ஸ்லைடில் ஐந்து துண்டும் சுத்தமாக இருந்தன. ஓரமாக, தனியாக, ஆறாவதாக ஒரு பொட்டு. அதில் பன்னிரண்டு மோதிரங்கள். சீஃப் உடனே அன்றைய பதிவேட்டைப் புரட்டினாள். சின்னுவுக்கு முந்தின எண் ஒரு கிழவருடையது. இரைப்பைப் புற்று. மோதிர வகை.

அப்படியானால் விருந்தாளி!

அந்த நிமிடம் அவளுக்கு வந்த சந்தோஷம் இன்றும் நினைவிருந்தது. விருந்தாளி என்று சந்தேகம் வந்தால் பிளாக்கை எடுத்து இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் சுவரில் அவளே எழுதி ஒட்டிய விதிதான். ஆனால் அவள் வெட்டச் சொல்லவில்லை. ஸ்லைடில் அந்தப் பொட்டைச் சுற்றி மையால் வட்டம் போட்டு, 'வி' என்று எழுதினாள். 'சாதாரணப் புண்' என்று கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு போன் பண்ணி, "ஒண்ணுமில்லடி, உன் வாய்க்கொழுப்பு வயித்துல எரியுது" என்றாள். தொட்டியைச் சுத்தம் செய்யாததற்காகக் கத்தியண்ணனுக்கு மெமோ கொடுத்து, மெஷினிலிருந்து எழுப்பி, சாம்பிள் ஜன்னலுக்கு அனுப்பினாள்.

"தண்ணி மாத்தினேன் மேடம். என் கையால மாத்தினேன்" என்றார் அவர் அன்றைக்கு.

"மாத்தியிருந்தா இது எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

எதிரில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சீஃப் கதவைத் திறந்து கூப்பிட்டாள். "கத்தியண்ணே, எட்டு மாசம் முன்னாடி வந்த சின்னுவோட பிளாக்க ஸ்டோர்லேர்ந்து எடுத்துட்டு வாங்க. நீங்களே வெட்டணும்."

"நான் ஜன்னல் ஆளு மேடம். என்கிட்ட கத்தி கிடையாது. மெமோவுல போட்டிருக்கீங்க."

"நான்தானே சொல்றேன்."

"அப்பவும் நீங்கதான் சொன்னீங்க" என்றார். சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போனார்.

பிளாக்கை ஐஸ் கட்டி மேல் வைத்துக் குளிரவிட்டார். மெஷினில் இருந்த பெண் எழுந்து இடம் விட்டாள். உட்காரும் முன் தொட்டித் தண்ணீரைக் கொட்டினார், துணியால் துடைத்தார், புதுத் தண்ணீர் ஊற்றிச் சூடு ஏறும்வரை காத்திருந்தார். யாரும் கேட்காமலே, "பாத்துக்குங்க, இன்னிக்கு வேற யாரு பிளாக்கும் இந்தத் தண்ணியத் தொடல" என்றார். பிறகு கைப்பிடி சுற்ற ஆரம்பித்தது. எட்டு மாதத்தில் கை எதையும் மறந்திருக்கவில்லை. நாடா உடையாமல் வழிந்தது. மூச்சு பட்டால் பறந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டார். ஆறு ஆழத்தில் ஆறு கண்ணாடி எடுத்தார்.

சாயம் ஏறிக் காயும்வரை சீஃப் அங்கேயே நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மோதிரம் எங்கேயும் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் அன்று செய்தது சரி. சின்னுவுக்கு வந்தது பிறகு வந்தது. யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. சின்னு சாகப்போவது சாகப்போவதுதான். ஆனால் அவள் கையால் சாகவில்லை என்று ஆகும்.

மூன்றாவது கண்ணாடியிலேயே தெரிந்துவிட்டது. ஐந்தாவது துண்டின் ஓரம் கிழிந்திருந்தது. கிழிந்துபோன மூலைதான் அன்றைக்குத் தனியாக மிதந்து வந்த பொட்டு. ஆழத்துக்குப் போகப் போக அந்தத் துண்டு முழுக்க மோதிரம்.

கத்தியண்ணன் பின்னால் நின்றார். "விருந்தாளியா மேடம்?"

"இல்ல. வீட்டு ஆளு."

அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தண்ணி மாத்தினேன்னு சொன்னேன்ல" என்றார். சொன்னதும் அவருக்கே வெட்கமாகப் போனது போலத் தலையைக் குனிந்துகொண்டார். "விடுங்க. ஜெயிச்சுட்டேன்னு சொல்லிக்கிற விஷயமா இது. அப்பவே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

"இரைப்பைய எடுத்திருப்பாங்க. பிழைச்சிருப்பான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வழி இருந்துச்சு."

"இப்ப?"

அவள் மேசைக்குப் போய், பழைய ரிப்போர்ட்டைத் திருத்தும் தாளை எடுத்தாள். 'முந்தைய அறிக்கை தவறானது. அன்றைய ஸ்லைடிலேயே புற்று இருந்தது. வேறொருவர் துண்டு எனத் தவறாக ஒதுக்கப்பட்டது.' மூன்று வரி. கீழே பேர், கையெழுத்து, தேதி. அதையும் தண்ணீரின் ரிப்போர்ட்டையும் ஒரே கவரில் போட்டு ஒட்டினாள். அடுத்த தாளில் மெமோவை ரத்து செய்து எழுதினாள்.

"இந்தக் கவர இன்னிக்கே கொடுக்கணுமா?" என்றார் கத்தியண்ணன். "சாயங்காலம் உங்க வீட்டு வாத்தியார் வந்து ஜன்னல்ல கேட்பாரு. தண்ணி ரிப்போர்ட் மட்டும் கொடுத்துடுறேன். இன்னொரு தாளு என் டிராயர்ல ஒரு மாசம் கெடக்கட்டும். தொலைஞ்சு போச்சும்பேன். ஒழுங்கா வேலை செய்யாத ஆளுன்னு எனக்கு ஏற்கனவே பேரு இருக்கு."

"எனக்காக நீங்க இன்னொரு தடவ கெட்ட பேரு வாங்க வேணாம். அவரு வந்து கேட்டா ரெண்டும் சேர்த்தே கொடுங்க. அதுக்குள்ள நான் வீட்ல சொல்லிடுறேன்."

மூன்றரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினாள். பதினொரு வருடத்தில் சீஃப் அந்த நேரத்துக்குக் கிளம்பி யாரும் பார்த்ததில்லை.

சின்னு மாடியறையில் கட்டிலில் சாய்ந்து, மடியில் ஒரு பாவாடையைப் போட்டு இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையும் கழுத்தும் குச்சியாகி, வயிறு மட்டும் மேடாக நின்றது. காலையில் தண்ணீர் எடுத்தும் பாதிதான் வற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் கஞ்சி ஆடை படிந்து ஆறிக்கிடந்தது.

"என்ன அண்ணி, ஆஸ்பத்திரிய மூடிட்டாங்களா?"

"உன்னப் பார்க்க வந்தேன்."

"பார்த்துக்குங்க. ஊருக்கெல்லாம் இடுப்பு விட்டுக் கொடுத்தேன். இப்ப என்னோடது. எதிர்வீட்டுக்காரி ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு, எத்தன மாசம்னு கேக்குறா. எட்டுன்னு சொல்லிட்டேன். கல்யாணச் சாப்பாடு போடாம ஏமாத்திட்டியேன்னு கோவிச்சுக்கிட்டா."

சீஃப் சிரிக்க முயன்றாள். எட்டு என்ற சொல் விடவில்லை.

"தண்ணி என்ன சொல்லுச்சு?" என்றாள் சின்னு. கை நிற்காமல் நூலைப் பிரித்தது.

"நல்லதாச் சொல்லல."

"அது எனக்கே தெரியும். தண்ணியக் கேக்கணுமா. அந்தப் பேருதானே? சொல்லிடுங்க. நான் அழ மாட்டேன். அழுதா வயிறு வலிக்குது."

"அந்தப் பேருதான். பரவிடுச்சு." சீஃப் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சின்னு, இன்னொன்னு இருக்கு. போன தடவ குழாய் விட்டு எடுத்தாங்கல்ல, அப்பவே அது இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு, அது உன்னோடது இல்ல, வேற யாரோடதோ வந்து ஒட்டியிருக்குன்னு நினைச்சுட்டேன். திரும்ப வெட்டிப் பார்த்திருக்கணும். பார்க்கல."

நூல் பிரிப்பது நின்றது.

"ஏன் பார்க்கல?"

"உன்னோடதா இருக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. வெட்டிப் பார்த்தா, இருந்துடுமோன்னு."

சின்னு பாவாடையை மடித்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"வேற யாராவது தெரியாத பொம்பளையா இருந்திருந்தா பார்த்திருப்பீங்க."

"பார்த்திருப்பேன்."

"அப்ப நான் தெரிஞ்சவளா இருந்ததுதான் தப்பு." கொஞ்சம் இருமினாள். "அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்ல. வந்ததும் சொல்லணும்."

"சொல்லாதீங்க."

"சின்னு..."

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு இப்ப மன்னிக்கிற அளவுக்குத் தெம்பு இல்ல. அவனுக்குத் தெரிஞ்சா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டான். அவன் குணம் எனக்குத் தெரியும், ஒரே வீட்ல பொறந்தவ. கீழ ஒரு சமையல், மேல ஒரு சமையல்னு ஆயிடும். அந்தச் சண்டைக்கு நடுவுல என்னப் படுக்கப் போட்டுடாதீங்க. ராத்திரி வலிக்கும்போது ஊசி போட நீங்க வரணும். அவனுக்கு ஊசியப் பார்த்தாலே மயக்கம் வரும். நீங்க எனக்கு வேணும் அண்ணி. அவ்வளவுதான்."

சீஃபுக்கு அப்போதுதான் கவர் ஞாபகம் வந்தது. போனை எடுத்து ஜன்னலுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கத்தியண்ணன் எடுத்தார்.

"கவரா? வாத்தியார் வந்து வாங்கிட்டுப் போயி கால் மணி நேரம் ஆச்சே மேடம். நீங்க சொன்னபடி ரெண்டும் சேர்த்து..."

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

கணவர் கணக்கு வாத்தியார். ரிட்டையர் ஆகி ஒரு வருடம். குடையை மடக்காமலே படியேறி வந்தார். கவரைப் பிரித்திருந்தார். வீட்டில் எந்த ரிப்போர்ட் வந்தாலும் மனைவி கையில் கொடுத்து அர்த்தம் கேட்பதுதான் அவர் வழக்கம். எழுத்து புரியும், அந்த பாஷை அவருக்குப் புரியாது.

"நீ இங்க இருக்கியா, நல்லதாப் போச்சு. என்னமோ ரெண்டு தாளு கொடுத்தான். ஒண்ணு இன்னிக்குத் தேதி. இன்னொண்ணு பழசத் திருத்தினதுன்னு போட்டிருக்கு. தப்புன்னு ஒரு வார்த்த இருக்கு. என்ன தப்பு?"

சின்னு அண்ணியையே பார்த்தாள். கண்ணால் ஒன்றைத்தான் கேட்டாள்.

"பேரு எழுதினதுல ஏதோ..." என்று ஆரம்பித்தாள் சீஃப்.

"பேரு சரியாத்தான் இருக்கு. துண்டுன்னு போட்டிருக்கு. ஒதுக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு." அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது. கணக்கைப் படிப்படியாகப் போடுகிற முகம். "இரு, இரு. அப்ப ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னியே, ஒருத்தன் தொட்டியக் கழுவாம சின்னு ஸ்லைடக் கெடுத்துட்டான், மெமோ கொடுத்தேன்னு. அவன் பண்ணின கூத்தா இது? அவனாலதான் அப்ப தெரியாமப் போச்சா?"

சீஃப் கட்டிலிலிருந்து எழுந்தாள்.

"அவன்தானே ஜன்னல்ல உட்கார்ந்திருக்கான்? அதான் என் மூஞ்சியப் பார்க்காம கவர நீட்டினான் திருட்டுப் பய. இப்பவே போறேன். என் தங்கச்சியக் கொன்னுட்டு அவன் அங்க உட்கார்ந்து அடுத்தவன் பாட்டில வாங்கிட்டு இருப்பானா?"

குடையோடு திரும்பினார். படியில் ஒரு கால் வைத்துவிட்டார்.

"அண்ணா, விடு. மழை பெய்யுது" என்றாள் சின்னு.

"நீ சும்மா இரு."

"அவரு இல்ல" என்றாள் சீஃப்.

அவர் நின்றார்.

"அவரு தொட்டியக் கழுவித்தான் வெச்சிருந்தாரு. கழுவினேன்னும் சொன்னாரு. நான்தான் கேக்கல. அந்தத் துண்டு சின்னுவோடதுதான். அத அடுத்தவங்களுதுன்னு ஒதுக்கினது நான். அந்தத் தாள்ல கீழ கையெழுத்து இருக்கு, பாருங்க."

அவர் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக ரேஷன் தாளிலும் பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பார்த்துப் பழகிய கையெழுத்து. ஈரமான விரல் பட்டு மை கொஞ்சம் கலைந்துவிட்டது. வாயைத் திறந்தார்.

"அண்ணா, எனக்குப் பசிக்குது" என்றாள் சின்னு சட்டென்று.

நாலு நாளாக அவள் எதையும் கேட்டதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு கீழே போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம், பாத்திரம் நழுவி விழும் சத்தம்.

சின்னு சுவர்ப்பக்கம் பார்த்துச் சாய்ந்துகொண்டாள். "ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா அண்ணி? அதுக்குள்ள நான் போயிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் எப்படி வேணும்னாலும் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்."

"அந்த ஆள அடிக்கப் போயிட்டாரே சின்னு."

"தெரியும். கேட்டுட்டுத்தானே இருந்தேன்." கொஞ்சம் கழித்து, "நியாயம்தான். எனக்குத்தான் அது உபயோகம் இல்ல."

அவர் ஒரு கிண்ணத்தில் சூப்போடு வந்தார். வழக்கமாகச் சீஃப் உட்காரும் பக்கத்தில், கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஸ்பூனை ஊதி ஊதிக் கொடுத்தார். பசியே இல்லாத சின்னு வாயைத் திறந்து வாங்கினாள். இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை. கன்னத்திலேயே வைத்துக்கொண்டாள். மூன்றாவதுக்கும் திறந்தாள்.

சீஃப் கதவுப் பக்கம் நின்றிருந்தாள். போகவும் தெரியவில்லை.

"எவ்வளவு நாளு?" என்று அவர் கேட்டார். திரும்பவில்லை.

"நாலு வாரம். மிஞ்சிப் போனா ஆறு."

அவர் ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் வைத்தார்.

"இதயாவது சரியாப் பார்த்துதான் சொல்றியா?"

கன்னத்தில் சூப்போடு சின்னுவும் திரும்பி அவளைப் பார்த்தாள். அண்ணன் கேட்டதற்கு அவளுக்கும் பதில் வேண்டியிருந்தது.

"சரியாத்தான் பார்த்தேன்" என்றாள் சீஃப்.